மேஸ்திரி மயங்கி விழுந்தால்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பல வீடுகளில் பீரோ மேல் ஒரு பழைய லேப்டாப் இருக்கும். பிள்ளை பிளஸ்-2 படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதன்பிறகு 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்புகள் மாணவ-மாணவிகள் கைக்குப் போயின. வாங்கிய பிள்ளை இன்று வேலைக்குப் போயிருக்கலாம். லேப்டாப் தம்பி, தங்கையிடம் இருக்கும்.

அந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்திலேயே "பாஸ்" என்று இன்னொன்றும் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் தயாரித்தது அது. 2007-ல் வெளிவந்தது. தமிழிலும் வேலை செய்யும். காசு கிடையாது.

இந்த "பாஸ்" எதன் மேல் கட்டப்பட்டது? "டெபியன்" என்ற மென்பொருள் மேல். 1993-ல் அமெரிக்காவில் இயன் மர்டாக் என்ற மாணவர் தொடங்கியது. உலகம் முழுவதும் இருக்கும் தொண்டர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். திருத்தலாம். மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

இதில்தான் 2020-ம் ஆண்டில், ஒரே வருஷத்தில் இரண்டு முறை, ஓட்டை கண்டுபிடித்தார்கள்.

பொதியும் மேஸ்திரியும்

கம்ப்யூட்டரில் எழுதுவதற்கு ஒரு மென்பொருள், பாட்டுக் கேட்க ஒரு மென்பொருள், கணக்குப் போட ஒரு மென்பொருள் என்று பல இருக்கின்றன. டெபியனில் இவை ஒவ்வொன்றும் பஞ்சுப் பொதி மாதிரி கட்டப்பட்டு வரும். மில்லுக்கு வரும் பொதியை மேஸ்திரி பார்த்து இறக்குகிறார் அல்லவா? அதேபோல இந்தப் பொதிகளை வாங்கி, பிரித்து, உரிய இடத்தில் வைக்க ஒரு மேஸ்திரி உண்டு. அதன் பெயர் "ஆப்ட்". 1999 முதல் டெபியனில் வேலை பார்க்கிறது. நாம் ஒரு பெயரைச் சொன்னால் போதும். கிடங்குக்குப் போய், பொதியை எடுத்து வந்து, இறக்கிவிடும். டெபியனின் தம்பி என்று சொல்லத்தக்க "உபுண்டு"விலும் இதே மேஸ்திரிதான். பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் உபுண்டு ஏராளம். ஆகவே இது பீரோ மேல் இருக்கும் லேப்டாப்போடு முடிகிற விஷயம் அல்ல.

பொதிக்குள் பல கட்டுகள் இருக்கும். ஒவ்வொரு கட்டின் தலையிலும் 60 எழுத்து அளவில் ஒரு சீட்டு. அதில் பெயர், தேதி எல்லாம் எழுதியிருக்கும். கட்டு எவ்வளவு பெரியது என்பதையும் அதில்தான் எழுதியிருப்பார்கள். அளவுக்கு மட்டும் 10 இடம்.

மேஸ்திரி செய்த தவறு இதுதான். சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பியது.

ஈரோடு மஞ்சள் மண்டியில் மூட்டையின் மேல் எழுதியதை நம்பி யாராவது விலை பேசுவார்களா? குத்திப் பார்த்து, கையில் எடுத்துப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஆப்ட் அப்படிப் பார்க்கவில்லை. வேண்டும் என்றே தாறுமாறாக எழுதிய சீட்டை வைத்தால், அதை நம்பி, கட்டின் எல்லையைத் தாண்டியும் படித்துக்கொண்டே போயிற்று. அங்கே படிப்பதற்கு ஒன்றும் இல்லை. மயங்கி விழுந்தது. இது 2020 மே மாதம் வெளியே வந்த ஓட்டை.

திருத்தினார்கள். ஆனால் டிசம்பரில் வேறு ஓட்டைகள் கிளம்பின. இம்முறை தகராறு கணக்கில். பஸ்ஸில் கிலோமீட்டர் காட்டும் பழைய மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். 99,999-க்குப் பிறகு அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். பூஜ்யத்தில் இருந்து ஒன்றைப் பின்னால் தள்ளினால் 99,999 காட்டும். கம்ப்யூட்டர் போடும் கணக்குக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. சீட்டில் தந்திரமான எண்களை எழுதினால், மேஸ்திரி போடும் கூட்டல் கழித்தல் இந்த மீட்டரைப் போலச் சுற்றிவிடும். சிறிய கட்டு மலையளவு பெரிதாகத் தெரியும். பிறகு வேலை எப்படி நடக்கும்?

திருட்டு இல்லை, ஆனாலும் நஷ்டம்

இந்த ஓட்டைகளால் யாருடைய பணமும் களவு போகாது. போட்டோக்களை யாரும் எடுக்க முடியாது. வேலை நிற்கும், அவ்வளவுதான். "அவ்வளவுதானே" என்று சொல்ல முடியுமா? மின்வெட்டு யாருடைய துணியையும் திருடுவது இல்லை. தறி நிற்கும். 2012-ல் மின்வெட்டைப் பார்த்த சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

இங்கே இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் எந்த ஓட்டையை அடைப்பதானாலும், அடைக்கும் சாமானைக் கொண்டு வருவது இந்த மேஸ்திரிதான். மேஸ்திரிக்கே மருந்து வேண்டும் என்றால்? அதையும் அதே மேஸ்திரிதான் போய் வாங்கி வரவேண்டும்.

2019-ம் ஆண்டு ஜனவரியில் இப்படி ஒரு நெருக்கடி உண்மையாகவே வந்தது. அது வெறும் மயக்கம் அல்ல. அதைவிட மோசம். மாக்ஸ் ஜஸ்டிக்ஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார். கிடங்கில் இருந்து வரும் பொதிக்குக் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் உண்டு. அது பொருந்தினால்தான் ஆப்ட் பொதியை இறக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில சமயம் கிடங்குக்காரர், "சரக்கு இங்கே இல்லை, அடுத்த கிடங்குக்குப் போ" என்று திருப்பி அனுப்புவார். அந்தச் சமயம் பார்த்து நடுவழியில் ஒருவன் புகுந்தால், மேஸ்திரியின் உதவியாளனையே "ரேகை பொருந்துகிறது" என்று பொய் சொல்ல வைக்க முடியும் என்று தெரிந்தது. பிறகு எந்த நச்சுப் பொதியும் உள்ளே வரும்.

டெபியன்காரர்கள் உடனே மருந்து தயாரித்தார்கள். ஆனால் அந்த மருந்தும் அதே வழியாகத்தானே வரவேண்டும்! ஆகவே, "இந்த ஒரு தடவை மட்டும், வேறு கிடங்குக்குப் போ என்று யார் சொன்னாலும் போகாதே என்று மேஸ்திரிக்குக் கட்டளையிட்டு, பிறகு மருந்தை வாங்குங்கள்" என்று அறிவித்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை.

மருந்து யாருக்குக் கிடைத்தது?

2020-ல் வந்த மருந்துகளும் இலவசம்தான். ஆனால் அப்டேட் செய்தவர்களுக்குத்தான் கிடைத்தன. டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 3 வருஷம் முழுக் கவனிப்பு உண்டு. பிறகு சற்று குறைந்த கவனிப்பு. மொத்தம் 5 வருஷம். 2011-லோ 2013-லோ கொடுத்த லேப்டாப்பில் இருப்பதை அப்படியே விட்டிருந்தால், 2020-ல் அதற்கு மருந்து வந்து சேர வழியே இல்லை. ஓட்டை மட்டும் இருக்கும். 2012-ல் வெளிவந்த உபுண்டு பதிப்பிலும் மே மாத ஓட்டை இருந்தது என்பது உறுதியானது.

லேப்டாப் கொடுத்தது பெரிய காரியம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பொள்ளாச்சிக்கோ தாராபுரத்துக்கோ பக்கத்தில் ஒரு கிராமத்தில், இண்டர்நெட் வசதி இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, "அப்டேட் செய்துகொள்" என்றால் பிள்ளை என்ன செய்வான்? ரேஷன் கடை மாதிரி, பள்ளிக்கூடத்திலேயே மாதம் ஒரு நாள் வைத்து எல்லா லேப்டாப்புக்கும் மருந்து ஏற்றியிருக்கலாம். பொதிகளை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்தாலே போதும். பெரிய செலவு ஆகியிருக்காது.

பயப்பட வேண்டாம். 2020-ல் கண்ட ஓட்டைகள் வழியாகச் சேதம் வர, கெட்ட பொதி ஒன்று கம்ப்யூட்டருக்குள் வந்தாகவேண்டும். டெபியனின் சொந்தக் கிடங்கில் கைரேகைச் சோதனை இருப்பதால், அங்கிருந்து வருவது கஷ்டம். வரக்கூடிய வழி வேறு. "இந்தப் பைலைப் போடு, பிரிண்டர் வேலை செய்யும்" என்று யாரோ பென்டிரைவில் கொடுப்பது. ஏதோ ஒரு இடத்தில் இருந்து இறக்கிக்கொள்வது. இந்தப் பொதிகளுக்குக் கைரேகை பார்க்க ஆள் இல்லை.

பழைய லேப்டாப் இன்னும் ஓடுகிறது என்றால், புதிய டெபியனை ஏற்றிப் பார்க்கலாம். 2023-ல் வந்த 12-ம் பதிப்புக்கு 2028 ஜூன் வரை திருத்தங்கள் உண்டு. காசு கிடையாது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் அரை நாளில் செய்து கொடுப்பான். அதற்கு முன்னால், உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களைத் தனியே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது அழிந்துவிடும்.