பாவம், அந்த வாத்து!

கோடை லீவு விட்டால் முன்பெல்லாம் பிள்ளைகள் ஏரிக்கரை, மாந்தோப்பு என்று சுற்றுவார்கள். இப்போது எங்கள் படப்பையிலேயே பாதிப் பிள்ளைகள் கைபேசிக்குள்தான் சுற்றுகிறார்கள். அப்படி என்னடா விளையாட்டு என்று கேட்டால் 'போக்கிமான்' என்பார்கள். விதவிதமான விநோதப் பிராணிகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும், சேர்த்ததைப் பழக்கிச் சண்டைக்கு விட வேண்டும். நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்தோமே, அதேதான். என்ன, இது ஓடும், பறக்கும், மின்னல் விடும்!

அந்தக் கூட்டத்தில் வாத்து ஜாடையில் ஒன்று உண்டு. பெயர் போரிகான். ரோஜா நிறமும் நீலமுமாக, அலகும் வாலும் வைத்து, ஆனால் ஓர் இறகு கூட இல்லாமல், காகிதத்தை மடித்துச் செய்த பொம்மை போல இருக்கும். உடம்பு முழுக்கக் கோணம் கோணமாகத்தான். கணக்குப் புத்தகத்தில் 'பலகோணம்' என்று வருகிறதே, அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த பெயர்தான் இது. 1996-ல் ஜப்பானில் வெளியான முதல் விளையாட்டிலேயே இந்த வாத்து இருந்தது. மனிதர்கள் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய பிராணி என்று அதற்கு ஒரு கதை.

வீடு, உடம்பு பற்றி எழுதுகிற பக்கத்தில் இந்த வாத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? அதன் தலையில் ஒரு பெரிய பழி விழுந்திருக்கிறது. அந்தச் சங்கதி பிள்ளை பெற்ற நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. ஜப்பானில் சாயங்காலம் ஆறரை மணிக்கு டி.வி.யில் போக்கிமான் தொடர் ஓடுகிறது. பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிற நேரம். அன்றைய கதையில் நாயகர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே போகிறார்கள், போரிகான்தான் அவர்களைச் சுமந்துகொண்டு பறக்கிறது. எதிரில் ஏவுகணைகள் வருகின்றன. பிக்காச்சு என்கிற மஞ்சள் குட்டி மின்னலை விட்டு அவற்றை வெடிக்கச் செய்கிறது. அந்த வெடிப்பைக் காட்ட, திரை முழுவதும் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி, விநாடிக்குப் பன்னிரண்டு தடவை போல, சில விநாடிகள் பளிச் பளிச்சென்று அடித்தது.

அவ்வளவுதான். ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குத் தலை சுற்றல், வாந்தி, கண் மங்கல். சிலருக்கு வலிப்பே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகளின் கணக்கு மட்டும் 685. இதில் இன்னொரு கூத்து கேளுங்கள். ராத்திரிச் செய்தியில் 'இந்தக் காட்சியால்தான் இப்படி ஆயிற்று' என்று அதே காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்து இன்னும் சில பேருக்கு வந்தது! நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் சீக்கிரமே தேறிவிட்டார்கள். தொடரை நாலு மாதம் நிறுத்தி வைத்து, 1998 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கினார்கள். அந்தக் கதையை அதற்கப்புறம் எந்த நாட்டு டி.வி.யிலும் போடவில்லை. ஆகவே இன்று உங்கள் பிள்ளை பார்க்கிற தொடரில் அது வருமோ என்று பயப்படாதீர்கள்.

இனி வழக்குக்கு வருவோம். மின்னல் விட்டது யார்? பிக்காச்சு. தண்டனை யாருக்கு? போரிகானுக்கு. பிக்காச்சு இன்றைக்கும் ராஜா. ஸ்கூல் பையில், தண்ணீர் பாட்டிலில், டி-ஷர்ட்டில் எல்லாம் அதன் முகம்தான். வாத்துக்கோ அந்தத் தொடரில் அதன் பிறகு ஒரு கதை கூட இல்லை. 1999-லும் 2006-லும் வந்த விளையாட்டுகளில் அது வளர்ந்து அடுத்தடுத்த உருவங்கள் எடுத்தது. டி.வி.யில் அவற்றுக்கும் அதே கதிதான். பெரியவன் பாத்திரத்தை உடைக்க, பக்கத்தில் நின்ற சின்னவன் முதுகில் அடி விழுகிற வீடுகள் நமக்குத் தெரியாததா?

சிரிக்கிறீர்கள். நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா? 'காக்காய் வலிப்பு' என்கிறோமே, இதில் காக்கை என்ன பண்ணியது? கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆயிற்று என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அங்கே ஒரு வாத்து, இங்கே ஒரு காக்கை. பழியைப் பறவை மேல் போட்டுவிட்டால் காரணத்தைத் தேட வேண்டாம் பாருங்கள்.

காரணம் வெளிச்சம்தான். விநாடிக்கு மூன்றிலிருந்து முப்பது தடவை வரை வெளிச்சம் விட்டு விட்டு அடித்தால் சிலருடைய மூளை அந்தத் தாளத்துக்கு ஏற்பத் துடிக்க ஆரம்பித்துவிடும். அதுவே வலிப்பாக மாறும். சிவப்பு வெளிச்சம் இதில் ரொம்பப் பொல்லாதது. இந்தக் கூச்சம் உள்ளவர்கள் நாலாயிரத்தில் ஒருவர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஏழெட்டு வயதிலிருந்து இருபதுக்குள் அதிகம், அதிலும் பெண் குழந்தைகளுக்கு. ஜப்பானில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் அநேகருக்கு அதற்கு முன்னால் வலிப்பே வந்ததில்லை. ஆக, 'எங்கள் பரம்பரையில் கிடையாது' என்று இருந்துவிட முடியாது.

ஒரு சமாதானம், கைபேசியின் சின்னத் திரையில் ஆபத்து கொஞ்சம் குறைவு. ஆனால் நம் பிள்ளைகள் அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு அல்லவா பார்க்கிறார்கள்! தூக்கமும் கெடுகிறது. தூக்கம் கெட்டால் வலிப்பு இன்னும் சுலபமாக வரும். ஜப்பானில் இப்போது சிறுவர் தொடர்கள் ஆரம்பிக்கும்போதே, 'அறையில் நல்ல வெளிச்சம் வைத்து, தள்ளி உட்கார்ந்து பாருங்கள்' என்று திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். கரண்ட் பில் ஏறட்டும், விளக்கை அணைக்காதீர்கள்.

விளையாட்டில் மட்டும் என்றில்லை. கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரியோடு பளிச் பளிச்சென்று சுழற்றி அடிக்கிறார்களே, அந்த விளக்கும் இதே ஜாதி. சாயங்கால வெயிலில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் பஸ்ஸில் போகும்போது, வரிசையாக மரம் உள்ள இடங்களில் வெயில் விட்டு விட்டு முகத்தில் அடிக்கும், அதுவும் அப்படித்தான். பிள்ளை 'கண்ணு என்னமோ பண்ணுதும்மா' என்றால் உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் மூடினால் போதாதா என்றால், போதாது. இமை வழியாகவும் வெளிச்சம் புகும், அதுவும் சிவப்பாகப் புகும்.

மீறி வந்துவிட்டால்? கொத்துச் சாவியைத் தேடி ஓடாதீர்கள். இரும்பைப் பிடித்ததால் வலிப்பு நிற்பதில்லை. அது இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நிற்பது, பெயர் சாவிக்கு. வாயில் ஸ்பூன், துணி எதையும் திணிக்கக் கூடாது. தண்ணீர் புகட்டக் கூடாது, கையைக் காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. பக்கத்தில் இடிபடுகிற சாமான்களை நகர்த்தி, தலைக்கு அடியில் மடித்த புடவையை வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழிந்துவிடும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் தடவை என்றால், தானாக நின்றாலும் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

பெண் பிள்ளை விஷயத்தில்தான் பல வீடுகளில் இதை மூடி மறைக்கிறார்கள். வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்கிற பயம். அதனால் டாக்டரிடம் போவதில்லை, ஆரம்பித்த மாத்திரையையும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது எவ்வளவு ஆபத்து தெரியுமா? ஒருகாலத்தில் இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999-ல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டும் சம்பந்தி வீட்டார் விடவில்லை என்றால், அப்படிப்பட்ட சம்பந்தம் எதற்கு என்று கேட்கிற தைரியம் நமக்கு வர வேண்டாமா? ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் முக்கால்வாசிப் பேருக்கு வலிப்பு கட்டுக்குள் வந்துவிடும்.

டாக்டரிடம் போகும்போது, 'என்ன மாதிரி வந்தது, எந்தப் பக்கம் இழுத்தது, கண் எப்படிப் போனது' என்று கேட்பார். பதற்றத்தில் நமக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. வீட்டில் இன்னொருவர் இருந்தால், பிள்ளையை நீங்கள் கவனித்துக்கொண்டு, அந்தக் கைபேசியிலேயே அவரை ஒரு நிமிஷம் படம் எடுக்கச் சொல்லுங்கள். டாக்டருக்கு அது பெரிய உபகாரம்.