உடல் நலப் பகுதி: சிறுநீரகத்தில் தோன்றித் தலைக்கு ஏறும் நோய்

சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய் தலையோட்டில் சென்று தங்குமோ என வியப்போர் உளர். தங்கும் என்பதே மருத்துவ நூலார் கண்ட முடிபு.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. அங்கு எழும் கட்டியோ சிரைகளுக்குள் புகும் இயல்புடையது. அதிலிருந்து பிரியும் அணுக்கள் இரத்தத்தோடு கலந்து நுரையீரல், எலும்பு, மூளை ஆகியவற்றை அடைகின்றன. முதுகெலும்பைச் சூழ்ந்து தலைவரை தொடரும் சிரைப் பின்னலை 1940-ஆம் ஆண்டில் பாட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார். தடுக்கிதழ்கள் அற்ற அப்பின்னலும் நோய்க்கு ஒரு வழியாகலாம்.

தலையோட்டின் உட்புறத்தே, உச்சியை ஒட்டி, முன்னிருந்து பின்னாக ஒரு பெருஞ்சிரை ஓடுகிறது. மூளையினின்று திரும்பும் இரத்தத்துக்கு அது சிறந்த வடிகால். எலும்பில் வளரும் கட்டி அதனை நெருக்கினால், வாய்க்கால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவதுபோல் இரத்தம் தேங்கித் தலையினுள் அழுத்தம் உயரும். விடியலில் மிகும் தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், வலிப்பு ஆகியன இதன் அறிகுறிகள். தலையில் வலியற்ற வீக்கம் ஒன்றே காணப்படுவதும் உண்டு. அதனைக் கொழுப்புக் கட்டியென்று எண்ணி அறுக்க முனைதல் ஆபத்து, இரத்தம் பெருகும். படம் எடுத்துப் பார்த்த பின்னரே கத்தி வைத்தல் தகும்.

நோயுற்ற சிறுநீரகத்தை அகற்றிப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் இந்நோய் தலைகாட்டுவதுண்டு. ஊர் பெயர்ந்து வாழும் நம்மனோர் கருத வேண்டுவது இதுவே. சிகிச்சைத் தாள்கள் சொந்த ஊர்ப் பெட்டியில் உறங்கும். ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோரோ, பிள்ளைகளுக்குக் கவலை ஏன் என்று பழைய நோயைச் சொல்லாதிருப்பர். அறியாத மருத்துவர் தலைவலிக்கு மருந்து தருவார், அவர்மீது குற்றமில்லை. ஆதலின் பெற்றோரைக் கேட்டறிந்து, தாள்களுக்குப் படி எடுத்து வைத்து, மருத்துவரிடம் முதற்கண் அதனையே கூறுவோம்.

பரவிய நோய் முற்றும் நீங்குதல் அரிது. எனினும் அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் துன்பம் தணிக்கும். கட்டிக்கு இரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் மாத்திரைகள் 2005 முதலும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதுவகை மருந்துகள் 2015 முதலும் வழக்கில் வந்து பலர் வாழ்நாளை நீட்டியுள்ளன.

வருமுன் காத்தலே சிறப்பு. புகைபிடித்தலை விடுவோம், இரத்த அழுத்தத்தையும் உடற்பருமனையும் அடக்கி வைப்போம். சிறுநீரில் வலியின்றி ஒருமுறை இரத்தம் கண்டாலும், தானே நின்றுவிட்டதென்று வாளா இராமல், அன்றே மருத்துவரை நாடுவோம்.