முதலில் படிப்பு, பிறகு மேடை!

1999-ம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் நியூயார்க் நகரம்.

அங்கே புகழ் பெற்ற பாலே நடனக் குழு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அமெரிக்கன் பாலே தியேட்டர். அந்தக் குழு நடத்திய கோடைப் பயிற்சிக்கு மிஸ்டி கோப்லாண்ட் என்ற பெண் வந்திருந்தாள். அவளுக்கு வயது 16.

அவள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள். எங்கள் இளைஞர் குழுவில் சேர்ந்துகொள் என்று அழைத்தார்கள். தங்க இடம் தருகிறோம், படிப்புக்கும் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள்.

மிஸ்டி ஏழைக் குடும்பத்துப் பெண். அந்த வீட்டில் ஆறு குழந்தைகள். ஒரு சமயம் குடும்பம் முழுவதும் விடுதியில் ஒண்டிக் குடியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டுக் கதவை அதிர்ஷ்டம் தட்டுகிறது. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அவளுடைய தாயார் வேண்டாம் என்றார்!

பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தாயார் உறுதியாக நின்றார். பெண் ஊருக்குத் திரும்பினாள், பள்ளிக்கூடம் போனாள்.

தாயார் செய்தது சரியா, தவறா?

நூற்றுக்கு நூறு சரி என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நுனிக்காலில் நிற்கும் கலை

பாலே என்பது மேல்நாட்டு நாட்டிய நாடகம். பேச்சு கிடையாது. உடம்பின் அசைவும் இசையுமே கதை சொல்லும். பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி 1661-ம் ஆண்டில் நடனத்துக்கென்று ஒரு கழகம் அமைத்தார். அதனால்தான் ரஷ்யாவில் ஆடினாலும், அமெரிக்காவில் ஆடினாலும், பாலே அடவுகளுக்கு இன்றும் பிரெஞ்சுப் பெயர்களே வழங்குகின்றன.

இந்த ஆட்டத்தில் பெண்கள் கால்விரல் நுனியில் எழுந்து நிற்பார்கள். அதற்கென்று தனிச் செருப்பு உண்டு. அதன் முனையில் மரக்கட்டை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மரம் அல்ல. துணியையும் காகிதத்தையும் பசை தடவி, அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. உடம்பின் எடை முழுவதையும் விரல்கள் தாங்க வேண்டும்.

வளரும் பிள்ளையின் எலும்பு பச்சை மூங்கில் போன்றது. ஆகவே 12 வயதுக்கு முன்பு இந்தச் செருப்பை மாட்டக்கூடாது என்று நடன மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். 12 வயது ஆனாலும் போதாது. கணுக்காலும் இடுப்பும் பலமாக இருக்க வேண்டும். சில வருடம் முறையான பயிற்சியும் வேண்டும்.

இளைஞர் குழு எதற்கு?

கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள். நடனப் பள்ளி அதைப் போன்றது. பெரிய நடனக் குழுவோ வெள்ளம் ஓடும் ஆறு. குடுக்கையை அவிழ்த்ததும் ஆற்றில் குதிக்க முடியுமா? நடுவில் ஒரு குளம் வேண்டாமா? அந்தக் குளம்தான் இளைஞர் குழு.

அங்கே காலையில் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பயிற்சி. பிறகு மணிக்கணக்கில் ஒத்திகை. ஊர் ஊராகப் போய் ஆட வேண்டியதும் உண்டு. நாள் முழுவதும் வேலை செய்த கூலியாளைப் போல இரவில் உடம்பு வலிக்கும். வீடு தொலைவில் இருக்கும். அம்மா பக்கத்தில் இருக்க மாட்டாள்.

இது கெட்ட இடம் என்று நான் சொல்லவில்லை. நல்ல இடம். தேவையான இடம். ஆனால் எப்போது போவது என்பதுதான் கேள்வி.

அவசரம் ஏன்?

சில பெற்றோர்கள் அவசரப்படுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாலே ஆடுகிறவருக்கு மேடை வாழ்வு குறைவு. பலர் 40 வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். ஒரு வருடம் போனால் ஒரு வருடம் போனதுதானே என்று கேட்கிறார்கள்.

நான் திருப்பிக் கேட்கிறேன். 40 வயதில் ஆட்டம் முடிந்துவிடும் என்றால், அதற்குப் பிறகு என்ன செய்வது? இன்னும் பாதி வாழ்வு மிச்சம் இருக்கிறதே! காலில் அடிபட்டு 20 வயதிலேயே ஆட்டம் நின்றுவிட்டால்? அப்போது கை கொடுப்பது எது? படிப்புத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் முக்கியமானது.

வியன்னாவில் நடந்தது

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரம். அங்கே அரசு இசை நாடக மன்றத்தின் பாலே பள்ளி பெயர் பெற்றது. 2019-ம் ஆண்டு அந்தப் பள்ளியைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. விசாரணைக் குழு அமைத்தார்கள். பிள்ளைகளுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று குழு அறிக்கை கொடுத்தது. உடம்பு மெலிந்திருப்பதற்காகச் சிகரெட் பிடிக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது என்ற செய்தியும் வெளிவந்தது!

கேட்கவே நெஞ்சு பதைக்கிறது அல்லவா? பெயர் பெற்ற இடத்திலேயே இப்படி என்றால், மற்ற இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

சின்னப் பிள்ளை வாய் திறக்காது. சொன்னால் வேஷம் கிடைக்காது என்று பயப்படும். ஆசிரியர் கோபிப்பார் என்று நடுங்கும். வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடும். ஒரு வருடம், இரண்டு வருடம் வளர்ந்த பெண் அப்படி அல்ல. இது சரியில்லை, என்னால் முடியாது என்று சொல்லும் துணிவு அவளுக்கு வரும். காத்திருப்பதில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

மிஸ்டிக்கும் துன்பங்கள் வந்தன. பெரிய குழுவில் சேர்ந்த சிறிது காலத்தில் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் விரிசல் கண்டது. ஏறக்குறைய ஒரு வருடம் ஆட முடியவில்லை. பிறகு, உடம்பு பருத்துவிட்டது என்ற பேச்சு வந்தது. அப்போது அவளுக்கு இருபது வயதை ஒட்டி இருக்கும். தாங்கிக்கொண்டாள். 14 வயதுப் பிள்ளையாக இருந்தால் தாங்கியிருக்குமா?

பொறுத்தவள் என்ன ஆனாள்?

2000-ம் ஆண்டு மிஸ்டி பள்ளிப் படிப்பை முடித்தாள். அதே ஆண்டு செப்டம்பரில், 18 வயதில், இளைஞர் குழுவில் சேர்ந்தாள். அடுத்த ஆண்டே பெரிய குழுவில் இடம் கிடைத்தது. 2007-ம் ஆண்டில் தனி நடனம் ஆடும் தகுதி பெற்றாள். 2015-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி அந்தக் குழுவின் முதன்மை நடனமணி ஆனாள். குழுவின் 75 ஆண்டு வரலாற்றில் அந்த இடத்தைப் பிடித்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 2025-ம் ஆண்டு அக்டோபரில், 43 வயதில், அந்தக் குழுவின் மேடையில் ஆடி விடை பெற்றார்.

தாயார் தடுத்த அந்த ஒரு வருடத்தால் என்ன குடி முழுகிப் போயிற்று? ஒன்றும் இல்லை.

உலகப் புகழ் பெற்ற ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவும் காத்திருந்தவர்தான். வயது போதாது என்று நடனப் பள்ளியில் முதலில் அவரைச் சேர்க்கவில்லை. 10 வயது ஆன பிறகு, 1891-ம் ஆண்டில்தான் சேர்த்தார்கள். பின்னாளில் அவர் நட்பினால் ஊக்கம் பெற்றவர்தான், நம் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி.

பொறுத்தவர்கள் எல்லோரும் மிஸ்டி ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் ஆக மாட்டார்கள். ஆகாதவர்களுக்கும் படிப்பு மிஞ்சும். நல்ல உடம்பு மிஞ்சும். அவசரப்பட்டவர்களுக்கு என்ன மிஞ்சும்?

கேளுங்கள், பிறகு சேருங்கள்

ஆகவே பெற்றோர்களே! உங்கள் பெண்ணையோ பையனையோ ஒரு நடனக் குழு அழைத்தால் மகிழ்ச்சி அடையுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

அடிபட்டால் பார்க்க வைத்தியர் உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆட்டம், எத்தனை மணி நேரம் ஓய்வு? பள்ளிப் படிப்புக்கு என்ன வழி? பிள்ளைக்கு ஒரு குறை என்றால், ஆசிரியரைத் தவிர வேறு யாரிடம் சொல்லலாம்?

நேரான பதில் வந்தால் அனுப்புங்கள். மழுப்பினால் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். திறமை உள்ள பிள்ளையை அடுத்த வருடமும் அழைப்பார்கள். மிஸ்டியை அழைத்தார்களே!