முகத்துக்கு ஒரு விளக்கு

அன்புவழிபுரத்தில் எனக்கு அயலவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குச் செங்கண்மாரி கண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் மருத்துவரல்லர், முடிதிருத்துநர். 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதம், கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுது. சலூன் கதிரையில் அமர்ந்தவரின் நாடியைப் பிடித்து வாசற்பக்கமாகத் திருப்பிய அந்தத் தம்பி, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "மாஸ்டர், இந்த வெளிச்சத்துப் பக்கம் ஒருக்கால் பாருங்கோ. கண் மஞ்சளாக் கிடக்கு" என்றாராம். அன்று மாலையே மாஸ்டர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். பித்தப்பையிலிருந்து நழுவிய கல்லொன்று பித்தநீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது.

தமிழகத்து வாசகர்கள் மஞ்சட்காமாலை என்று சொல்வதைத்தான் நாங்கள் செங்கண்மாரி என்கிறோம். அது ஒரே இரவில் வருவதன்று. உடம்பு அரித்தது; புதிய சவர்க்காரத்தின் வேலை என்று மாஸ்டர் நினைத்தார். சிறுநீர் கடுத்த நிறமாகப் போயிற்று. வெயிலுக்குத் தண்ணீர் குடித்தது போதவில்லை என்று நினைத்தார். இவையெல்லாம் மன்னிக்கக்கூடியவை. என்னால் விளங்கிக்கொள்ள முடியாதிருந்தது வேறொன்று. மாஸ்டர் நாள்தோறும் காலையில் தவறாமல் முகம் மழிப்பவர். மீசையின் இரு நுனிகளையும் அளந்து வெட்டுபவர். ஏறக்குறைய ஒரு வாரம், நாளொன்றுக்குக் கால்மணி நேரம், தம் முகத்தைத் தாமே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தம் கண் மஞ்சளானது எப்படித் தெரியாமற் போயிற்று?

விடை அவருடைய குளியலறையில் இருந்தது.

அந்தக் குளியலறை ஊரறிந்த குளியலறை. கனடாவிலிருக்கும் மகள் பணம் அனுப்பி 2022 ஆம் ஆண்டின் இறுதியில் கட்டுவித்தது. தரையிலிருந்து கூரைவரை டைல்ஸ், சுவரகலத்துக்குக் கண்ணாடி, கூரையில் பொய்த்தட்டு அடித்து அதனுள்ளே பதித்த நான்கு சிறு விளக்குகள். அவை பொழிவது இளஞ்சூடான பொன்னிற ஒளி. "ஹோட்டல் மாதிரி" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். புதுமனை புகுவிழாவுக்குப் போன நானும் அதையே சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன், அதுவும் அச்சுக்கூடத்தை அறிந்தவன், அந்த ஒளியின் கீழ் நின்று அதன் கோளாறை உணரவில்லை.

அச்சுக்கூடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்ணப் பக்கங்கள் அச்சிடத் தொடங்கிய காலத்தில் எங்களுக்குப் பெருந்தொல்லை தந்தது மஞ்சள் மை. வெள்ளைத் தாளில் மஞ்சள் மட்டும் அச்சான படியைச் சாதாரண மின்குமிழின் கீழே பிடித்தால், பாதி எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. மின்குமிழின் ஒளியே மஞ்சள் சார்ந்தது. அந்த ஒளியில் வெள்ளைத் தாளும் மஞ்சளாகிவிடுகிறது, மஞ்சள் மை அதிலே கரைந்துவிடுகிறது. நீலக் கண்ணாடித்தாளை இடையில் பிடித்துப் பார்த்தால் அதே மஞ்சள் கறுப்பாகத் துலங்கும். வண்ணம் ஒப்பிடுவதற்கென்று 5000 கெல்வின் அளவுள்ள விளக்கை உலக அச்சுத்துறை நியமமாக வைத்திருப்பது இதனால்தான். அது பகலொளிக்கு நெருங்கியது.

கண்ணின் வெண்படலமும் ஒரு வெள்ளைத் தாள்தான். மாஸ்டரின் குளியலறை விளக்குகள் 2700 கெல்வின் வகை. அந்த ஒளியில் நோயாளியின் கண்ணுக்கும் நோயில்லாதவரின் கண்ணுக்கும் வேறுபாடு தெரிவது அரிது. செங்கண்மாரியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதையே. சலூன் கதிரை வாசலைப் பார்த்திருந்தது; வாசல் கிழக்கைப் பார்த்திருந்தது. அவ்வளவுதான்.

ஆகவே விளக்கு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது வோட் எத்தனை என்றல்ல. பெட்டியின் பக்கவாட்டில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். கண்ணாடிக்கு 4000 முதல் 5000 வரை உள்ளதே என் தெரிவு. நம் கடைகளில் 'டே லைற்' என்று விற்கப்படும் 6500 கெல்வின் குமிழ்கள் இன்னும் வெளிறியவை; மஞ்சளை மறைக்கமாட்டா, ஆனால் ஆரோக்கியமானவரையும் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவர்போலக் காட்டும். இன்னுமோர் எண் உண்டு. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான குறியீடு. நூறுக்கு எத்தனை என்று போட்டிருப்பார்கள். மலிவான எல்.ஈ.டி. குமிழ்களில் 80 அல்லது அதற்கும் கீழே. 90க்கு மேற்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த எண்ணிலும் ஒரு சூது இருக்கிறது. அதைக் கணக்கிடும் எட்டு நிறங்களும் வெளிர் நிறங்கள். அழுத்தமான சிவப்பு அவற்றில் இல்லை. மனிதத் தோலின் உயிர்க்களை சிவப்பில் அல்லவா இருக்கிறது? அதனால்தான் சில நல்ல தயாரிப்பாளர்கள் சிவப்புக்கென்று தனியாக ஓர் எண்ணையும் அச்சிடுகிறார்கள். அச்சிடாதவரிடம் சந்தேகத்தோடே வாங்கலாம்.

நிறத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் நிறம் பாதிதான். மீதி, விளக்கு எங்கே நிற்கிறது என்பது.

இதை எனக்குக் கற்பித்தது 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டு. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை இலங்கையில் மின்சாரம் நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விடியற்காலையில் கொழும்புக்குப் புறப்படவேண்டியிருந்த ஒருநாள், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைக் கீழே வைத்து முகம் மழிக்கப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தது கூத்து மேடையின் அரக்கன். பின்னர் மனைவி இரண்டு மெழுகுவர்த்திகளைக் கொண்டுவந்து கண்ணாடியின் இருபுறமும், என் கன்னத்தின் உயரத்துக்குத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். என் நாடியின் அடிப்பகுதியை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். மின்சாரம் இருந்த நாட்களில் கூரையில் எரிந்த குமிழ் ஒருபோதும் காட்டாததை இரண்டு மெழுகுவர்த்திகள் காட்டின.

இதில் மாயம் எதுவுமில்லை. மேலிருந்து விழும் ஒளி நெற்றியில் விழுகிறது. புருவம் கண்குழிக்கு நிழலிடுகிறது. மூக்கு மேலுதட்டுக்கு நிழலிடுகிறது. நாடி கழுத்துக்கு நிழலிடுகிறது. மழிக்கவேண்டிய இடமும் மருந்து விடவேண்டிய கண்ணும் சரியாக அந்த நிழல்களுக்குள் இருக்கின்றன. விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் இருந்தாலோ சொல்லவே வேண்டாம். கண்ணாடியில் தெரிவது தலையின் கோட்டுருவம். இருபுறத்திலிருந்தும் ஒளி வந்தால் ஒரு பக்கத்து நிழலை மறுபக்கத்து ஒளி அழித்துவிடும். நாடகக்காரரும் சினிமாக்காரரும் ஒப்பனைக் கண்ணாடியைச் சுற்றிக் குமிழ் குமிழாகப் பதித்துவைத்தது ஆடம்பரத்துக்கு அன்று. எந்தத் திசையிலும் நிழல் விழாமலிருப்பதற்கே. அவ்வளவு குமிழ் நமக்கு வேண்டாம். கண்ணாடியின் இருபுறமும் ஒவ்வொன்று, இரண்டுக்குமிடையே இரண்டரை அல்லது மூன்று அடி, ஒளியின் நடு நம் கண்ணின் உயரத்தில். மேனாட்டுப் புத்தகங்கள் தரையிலிருந்து ஐந்தரை அடி என்று எழுதும். நம் வீட்டில் கண்ணாடி பார்ப்பவர் நாலே முக்கால் அடி உயரமுள்ள அம்மாவாக இருந்தால் அந்தக் கணக்கு உதவாது. அவரைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வயர் இழுக்கச் சொல்லுங்கள்.

கண்ணைக் கூசும் வெறுங்குமிழ் வேண்டாம். பால்நிற மூடியுள்ளது வேண்டும். ஒவ்வொன்றும் ஏழு வோட் போதும்.

முதியவர்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அன்புவழிபுரத்தில் புதிதாக எழும் வீடுகள் பலவற்றில் வசிப்பவர்கள் அவர்கள்தாம். கட்டுவிப்பவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். அறுபது வயதானவரின் விழித்திரையை வந்தடையும் ஒளி, இருபது வயதில் வந்தடைந்ததில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான். கண்மணி சுருங்குகிறது, வில்லை தடித்து மஞ்சளிக்கிறது. தரையிலே நீர் கிடப்பதும், மருந்துப் போத்தலின் சிறிய எழுத்தும், முகத்தில் புதிதாக முளைத்த மறுவும் அவருக்குத் தெரியவேண்டும். முப்பத்தைந்து வயது மகனுக்கு இதமாகத் தோன்றும் மங்கிய ஒளி, எழுபது வயதுத் தகப்பனுக்கு அரையிருட்டு. புலம்பெயர்ந்த பிள்ளைகள் குளியலறையை ஒளிப்படத்தில் தெரிவுசெய்கிறார்கள். ஒளிப்படத்தில் அழகாக விழுவது டைல்ஸும் கண்ணாடியும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கப்போகும் முகம் படத்தில் இல்லை.

"எழுபது வயதில் கண்ணாடி என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்கும் சிலரும் நம்மிடையே இருக்கிறார்கள். கண்ணாடி பார்ப்பதை இளமையின் திமிராகவே எண்ணிப் பழகிய சமூகம் நாம். வயோதிபர் தம்மைத் தாமே பரிசோதித்துக்கொள்ளும் ஒரே இடம் அதுதான் என்பது பிள்ளைகள் கடல்கடந்து போன வீடுகளில்தான் விளங்கும். கூட இருக்கும் பிள்ளை, "அப்பா, கண் என்ன மஞ்சளாயிருக்கு?" என்று கேட்கும். இல்லாத வீட்டில் கண்ணாடிதான் கேட்கவேண்டும்.

இப்போது கடைகளில் விளக்கோடு சேர்ந்த கண்ணாடிகள் வந்துவிட்டன. விளிம்பைச் சுற்றி ஒளிப்பட்டை. விரலால் தொட்டால் எரியும். பார்க்க நேர்த்தி. ஒளி முன்னோக்கி முகத்தில் விழும்படி அமைந்தவை பயனும் உள்ளவை. கண்ணாடிக்குப் பின்னே சுவரில் மட்டும் ஒளி வீசுபவை சுவருக்குத்தான் அழகு. ஆனால் திருகோணமலையில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் உப்பும் ஈரமும் புகாத இடமில்லை. அந்தக் கண்ணாடியின் முதுகில் இருக்கும் சிறிய மின்பெட்டி பழுதானால், பல வகைகளில், கண்ணாடியையே கழற்றவேண்டும். சாதாரண ஹோல்டரில் மாட்டிய குமிழ் பழுதானால் சந்திக் கடையில் வாங்கி மாற்றலாம். முலாம் பூசிய இரும்புத் தாங்கிகளையும் தவிர்க்கவும். ஓராண்டில் துரு கண்ணீர்போல் டைல்ஸில் வடியும். பிளாஸ்டிக் அல்லது பித்தளை நிலைக்கும்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் கூடாது. குளியலறை விளக்கில் ஐ.பி. 44 என்ற குறி இருக்கவேண்டும். இரண்டாவது 4, எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான குறி. உலோகத் தாங்கியானால் ஏர்த் வயர் கட்டாயம். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழுகிறதா என்று தகுதியுள்ளவரைக் கொண்டு பார்ப்பிக்கவேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை நாமே அழுத்திப் பார்க்கலாம். பிரித்தானியாவில் இருப்போர் அறிவர், அங்கே குளியலறை விளக்கைக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்து ஏற்றும் வழக்கம் உண்டு. ஈரக்கை சுவிட்சைத் தொடாதிருப்பதற்கான ஏற்பாடு. நாம் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைத்தால் போதும்.

மின்கட்டணம் கூடுமே என்பார்க்கு ஒரு கணக்கு. ஏழு வோட் குமிழ் இரண்டு, நாளொன்றுக்கு இருபது நிமிடம் எரிந்தால், மாதம் முழுவதற்கும் ஒரு யூனிட்டில் ஏழிலொரு பங்கு. மாஸ்டர் கணித ஆசிரியர். இதைப் போட்டுக் காட்டியவரும் அவரே.

அவர் கல் அகற்றப்பட்டு வீடு திரும்பிய மறுவாரமே நான் வயரிங் வேலை தெரிந்த ஒரு தம்பியை அழைத்துச் சென்றேன். சிக்கல் டைல்ஸில் வந்தது. வயரைச் சுவருக்குள்ளே பதிக்கவேண்டுமானால் நான்கைந்து டைல்ஸை உடைக்கவேண்டும். அதே நிறம் இப்போது கிடைக்காது. மகள் தொலைபேசியில் தயங்கினார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் தகப்பனுக்கு நல்லதொரு குளியலறை வேண்டும் என்று நினைத்த பிள்ளை அவர். கட்டும்போதே இரண்டு வயர்களை இருபுறமும் இழுத்துவிடும்படி சொல்ல ஒருவரும் இருக்கவில்லை, நானும் சொல்லவில்லை. இனிக் கட்டப்போகிறவர்கள் டைல்ஸ்காரர் வருமுன் இதைச் செய்துவிடட்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

முடிவில், டைல்ஸின் மேலாகவே வெள்ளைப் பிளாஸ்டிக் குழலில் வயரை ஓட்டி இரண்டு விளக்குகளையும் பொருத்தினோம். அழகென்று சொல்லமுடியாது. அன்றிரவு காணொளி அழைப்பில் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, அந்தக் குழாய் வடிவில்லாமல் கிடக்கே" என்றார். மாஸ்டர் தொலைபேசியை முகத்தருகே கொண்டுபோய், கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்து, "அதை விடு பிள்ளை, கண் வெள்ளையா இருக்கோ, பார்த்துச் சொல்லு" என்றார். சற்று நேரம் பார்த்திருந்த மகள், கண் நன்றாக இருப்பதாகவும் மீசையின் இடப்பக்கம் கொஞ்சம் கூடிவிட்டதாகவும் சொன்னார். மறுநாட்காலை அதையும் சரிசெய்துகொண்டார்.