படம் பார்ப்பது பாவமா?

“மாமியாருக்குப் பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை; மருமகள் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.” அக்கம்பக்கத்தார் இப்படிப் பேசுகிறார்கள் என்று மெர்சிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துச் சகோதரி ஒருவர் மனம் நொந்து சொன்னார். அவருக்கும் அவரைப் போன்ற எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: தாராளமாகப் பாருங்கள்.

ஆல்சைமர் என்பது வயதானால் வரும் சாதாரண மறதி அன்று. மூளையின் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் நோய். ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் 1906இல் இதை முதன்முதலாக எடுத்து விளக்கினார். நம் நாட்டில் 2018இல் நடந்த சுகாதார ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு எட்டரைப் பேருக்கு மறதி நோய் இருக்கக்கூடும். ஆகவே செய்வினை, காற்று கருப்பு என்று கோழி அறுக்க ஓடாமல், முதலில் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இந்த நோய் முதலில் தின்பது புதிய நினைவுகளைத்தான். காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். இளமையில் கண்டதும் கேட்டதும் வெகுநாள் நிற்கும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் மறையும் முன்பே பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடிப்போம். ‘பாசமலர்’ (1961) பார்த்து அழாத லயம் உண்டா? ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) எம்.ஜி.ஆர். சவுக்கைச் சுழற்றியபோது பறந்த விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று இருபது வயதுப் பெண்ணாகப் பால் வெட்டியவருக்கு இன்று எண்பது வயது. கோவையாகப் பேச வராதவர்கள்கூட அந்தக் காலத்துப் பாட்டைக் கேட்டதும் கூடவே பாடுவதுண்டு.

பொழுது சாயும் நேரத்தில் இவர்களுக்குத் தடுமாற்றம் அதிகமாகும். “வீட்டுக்குப் போகணும்” என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்புவார்கள். அப்போது இரண்டு பழைய பாட்டுக் காட்சிகளைப் போடுங்கள். முழுப் படம் வேண்டாம். “இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்” என்று பரீட்சை வைக்கவே வேண்டாம். சண்டைப் படமும் பேய்ப் படமும் கூடாது. திரையில் நடப்பது வீட்டுக்குள்ளேயே நடப்பதாக மிரண்டுவிடுவார்கள். அதே பாட்டைப் பத்தாவது முறை போட்டாலும் அவருக்குப் புதிது. நமக்குத்தான் காது புளித்துப்போகும்!

இது நோயாளிக்கு. பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு படம் வேண்டும் அல்லவா? ‘ஓ காதல் கண்மணி’ (2015) இளசுகளின் படம் என்று ஒதுக்காதீர்கள். அதில் கணபதியாகப் பிரகாஷ்ராஜும், மறதி நோய் கண்ட பாடகி பவானியாக லீலா சாம்சனும் வருகிறார்கள். கணபதி தம்மைத் தியாகியாகக் காட்டிக்கொள்வதில்லை. மனைவிக்குப் பணிவிடை செய்கிறார், அவ்வளவுதான். ஒருநாள் பவானி வழி தவறிப் போய்விட, கொட்டும் மழையில் தேடி அலைகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் தியோமான் படகுகள் கட்டிக்கிடக்கும் மாதங்களில் அந்தக் காட்சியைப் பார்த்தால் மெர்சிங்காருக்கு நெஞ்சு பதறும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். இப்போதே கதவின் உச்சியில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். வீட்டுத் தொலைபேசி எண்ணை அவர் உடையில் தைத்து வையுங்கள்.

மோகன்லால் நடித்த மலையாளப் படம் ‘தன்மாத்ரா’வும் (2005) உண்டு. அலுவலகக் கோப்பைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தேடும் குமாஸ்தாவின் கதை. அருமையான படம்தான், ஆனால் வீட்டில் நோய் தெரியவந்த புதிதில், ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். தாங்காது.

பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய ஆல்சைமர் அறநிறுவனம் இருக்கிறது. மெர்சிங்கிலிருந்து தூரம்தான்; தொலைபேசியில் விவரம் கேட்கலாம்.

கடைசியாக, அந்த அக்கம்பக்கத்தாருக்கு ஒரு கேள்வி. மருமகள் பார்க்கும் படத்தை எண்ணுகிறீர்களே, மகன் சாப்பாட்டுக் கடையில் குடிக்கும் தேநீரை யாராவது எண்ணினீர்களா? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மகன் தாயின் பக்கத்தில் உட்காரட்டும். சகோதரி உள்ளே போய்த் தமக்குப் பிடித்ததைப் பார்க்கட்டும். சிரிப்புப் படமானால் இன்னும் நல்லது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் அந்த ஒரு காட்சிக்காகவே ‘காதலிக்க நேரமில்லை’யை (1964) நான் சிபாரிசு செய்வேன்.