கழுத்து நோவும் கைவைத்தியமும்

கழுத்தைப் பற்றித் திருப்பி, 'மடக்'கென்று ஓசை எழுப்பி, நோயாளியின் முகம் மலர்வதைக் காட்டும் படக்காட்சிகள் இன்று கைபேசிதோறும் உலவுகின்றன. அமெரிக்காவில் பிறந்த கைரோபிராக்டிக் என்னும் முறை அவ்வழியே கொங்கு நாட்டாருக்கும் அறிமுகமாகிவிட்டது. கழுத்து நோவுக்கு இது தீர்வாகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஓரளவு உதவும் என்பதே நம் விடை. ஆனால் அவ்வுதவி எதுவரை செல்லும் என்பதை அறியாமல் கழுத்தைப் பிறர் கையில் கொடுப்பது தகாது என்றும் கருதுகிறோம்.

கையால் நோவு தீர்ப்பது நமக்குப் புதியதன்று. எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பவர்கள் ஊர்தோறும் உண்டு. காலோடு பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பார்கள். தலையணையை வெயிலில் போட்டால் கழுத்துப் பிடிப்பு நீங்கும் என்பதும் நெடுநாளைய நம்பிக்கை. இவையெல்லாம் 'பலித்து' வந்ததற்கு எளிய காரணம் ஒன்றுண்டு. திடீரென்று வரும் கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் சில நாள்களில் தானே தணிந்துவிடும். தணிந்தபோது அருகில் இருந்த தலையணைக்குப் புகழ் போய்ச் சேருகிறது.

கைரோபிராக்டிக்கின் தோற்றக் கதையும் இப்படிப்பட்டதே. 1895இல் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பால்மர், செவிப்புலன் குன்றிய ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திக் கேட்கும் திறனை மீட்டதாகக் கூறினார். எலும்பு இடம் பிசகுவதே நோய்களின் வேர் என்றும் வாதிட்டார். அக்கொள்கைக்கு அறிவியல் சான்று கிடைக்கவில்லை. அந்த ஓசைகூட எலும்பு தன்னிடத்தில் பொருந்தும் ஓசையன்று. மூட்டுநீரில் அழுத்தம் குறைந்து வளிக்குழி உண்டாகும்போது எழுவது அது. விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் அதுவே.

கொள்கை பிழையென்றாலும் கை பயனற்றதாகிவிடாது. 2012இல் அமெரிக்காவில் கழுத்து நோவுற்ற 272 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சை, ஒரு பிரிவினருக்கு மருந்து, மற்றொரு பிரிவினருக்கு வீட்டுப் பயிற்சி. பன்னிரண்டு வாரங்களில் மருந்தைவிடக் கைச் சிகிச்சை மேலாக இருந்தது. ஆனால் வீட்டுப் பயிற்சி பெற்றோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். அவர்களுக்குத் தரப்பட்டவை ஒரு மணி நேர வகுப்புகள் இரண்டே. நம் மக்கள் அறிய வேண்டிய செய்தி இதுதான் என்போம்.

இனி, இடரையும் சொல்லியாக வேண்டும். நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். அவற்றின் பக்கத் துளைகள் வழியாக மூளைக்குக் குருதி செலுத்தும் இரு தமனிகள் மேலேறுகின்றன. கழுத்தை வெடுக்கென்று திருப்பிய பின் அத்தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அவை அரியவை. திருப்பியதுதான் காரணம் என்று முற்றிலும் நிறுவப்படவில்லை என்றாலும், தொடர்பு இருப்பதை நோயாளிக்கு முன்னரே அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயநலக் கழகம் 2014இல் கூறியது. இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர்க்குக் குறைந்தது 4200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2005இல் வகுத்தது. இந்தியாவில் இத்தொழிலுக்கெனத் தனிச் சட்டமில்லை. ஆகவே பெயர்ப்பலகையை நம்பிக் கழுத்தைக் கொடுக்க இயலாது. முடிதிருத்தகத்தில் பழக்கத்தின் பேரில் கழுத்தைத் திருப்பிவிடும் வழக்கத்தையும் விட்டுவிடுவதே நன்று.

எல்லாவற்றினும் முதன்மையான கேள்வி, இந்நோவு எங்கிருந்து வருகிறது என்பது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. குனியக் குனியப் பிடரித் தசைகள் தாங்கும் சுமை பன்மடங்காகிறது. திருப்பூரில் ஓவர்லாக் இயந்திரத்தின்மேல் குனிந்து 'ஒன்றரை ஷிப்டு' தைப்பவர், கோவையில் விளக்கொளியில் நகை செய்யும் பொற்கொல்லர், கணினித் திரைமுன் அமர்ந்திருக்கும் இளைஞர், கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தும் நம் போன்ற ஆசிரியர் ஆகிய எல்லோரும் இச்சுமையைத் தாங்குகிறோம். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் நிமிர்ந்தால் கூலி குறைகிறது. வாரந்தோறும் பணம் கொடுத்துச் சொடக்கு எடுத்துக்கொண்டு மறுநாள் அதே முக்காலியில் அமர்ந்தால் நோவு திரும்பாமல் என்ன செய்யும்?

பிடரிக்கு எருத்து என்றொரு பழம்பெயர் உண்டு. நுகத்தடி அமர்வதும் மாட்டின் எருத்தில்தான். அங்கே புண் கண்டால் நல்ல உழவர் மாட்டை ஏரில் பூட்டமாட்டார், ஆறும்வரை காத்திருப்பார். மாட்டுக்குக் காட்டிய அந்தப் பரிவைத் தையல் தொழிலாளிக்கு நாம் காட்டுகிறோமா? முதுகு சாயும் நாற்காலியும், உயரம் சரியான மேசையும், மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் நிமிர்ந்து கழுத்தையும் தோளையும் அசைக்கும் இடைவேளையும் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. தொழிற்சங்கங்கள் கூலியோடு இவற்றையும் கேட்க வேண்டும்.

கை மரத்துப்போதல், பிடி தளர்தல், நடை தடுமாறுதல், காய்ச்சலோடு வரும் நோவு, அடிபட்டபின் வரும் நோவு, இதுவரை அறியாத கடுந்தலைவலி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எவர் கையிலும் கழுத்தைக் கொடாமல் மருத்துவமனைக்குச் செல்க. மற்றவர்கள் தகுதி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் பயிற்சியைக் கற்றுக்கொள்ளலாம். தேர்ந்தவர் கை சில நாள் நோவைத் தணிக்கக்கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் குனிந்தே உழைக்கும் ஊரின் கழுத்தை நிமிர்த்த அந்தக் கை ஒன்று மட்டும் போதாது.