நடுவழி நாட்டு விசா: பெட்டியோடு திரும்பி வந்தால் யார் பொறுப்பு?

பள்ளத்தூர்:

பள்ளத்தூர், கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் கடல் தாண்டிப் போவது புதுசு இல்லை. அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூரில் போய் இறங்கலாம். ஒரே கப்பல், ஒரே டிக்கெட். இப்போது திருச்சியில் விமானம் ஏறினாலும் பல ஊர்களுக்கு நடுவில் ஒரு நாட்டில் இறங்கி மாற வேண்டும். சிக்கலே அங்கேதான்.

எப்படி மாட்டுகிறார்கள்?

ஒரு உதாரணம் பாருங்கள். ஒருவர் இந்தோனேசியாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகிறார். அந்த நாட்டு விசா கையில் இருக்கிறது. செலவு குறையும் என்று திருச்சி-சிங்கப்பூர் ஒரு கம்பெனி டிக்கெட், சிங்கப்பூர்-ஜகார்த்தா வேறு கம்பெனி டிக்கெட். திருச்சி கவுண்ட்டரில் கேட்கிறார்கள்: "சிங்கப்பூர் விசா எங்கே?"

"நான் சிங்கப்பூர் போகலையே, மாறத்தானே போறேன்" என்றால் எடுபடாது. இரண்டும் தனித்தனி டிக்கெட். பெட்டி சிங்கப்பூர் வரைக்கும்தான் போகும். அங்கே குடியுரிமை சோதனை தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அப்படி வெளியே வந்தாலே அது சிங்கப்பூருக்குள் நுழைவதுதான். அதற்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுத்து, பெட்டி ஜகார்த்தா வரை நேராகப் போனால், மாறும் பயணி உள்ளேயே இருந்துகொள்ளலாம். விசா தேவைப்படாது.

நாட்டுக்கு நாடு வேறு

அமெரிக்காவில் 2 மணி நேரம் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும். விசா இல்லாமல் மாறும் சலுகையை 2003 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தும் கனடாவும் இந்தியர்களிடம் டிரான்சிட் விசா கேட்கும் நாடுகள். அமெரிக்க விசா போன்றவை வைத்திருப்பவர்களுக்கு இங்கிலாந்தில் விலக்கு உண்டு.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமல் அனுமதித்தது. அந்தச் சலுகை 2026 இறுதி வரை என்று நீட்டிக்கப்பட்டது. ஜெர்மனி வழியாக மாறும் இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா வேண்டாம் என்று 2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. ஆனால் அறிவிப்பு வேறு, அமல் வேறு. எந்தத் தேதியில் இருந்து என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தும் விதி மாறும். இலங்கை பாஸ்போர்ட்டு வைத்திருப்பவர் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் எதில் மாறினாலும் பொதுவாக டிரான்சிட் விசா வேண்டும். இந்தியா அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. பக்கத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் இரண்டு பேருக்கும் சட்டம் ஒன்றல்ல.

கம்பெனி ஏன் தடுக்கிறது?

சரியான காகிதம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் விமான கம்பெனிக்குத்தான் அபராதம். திருப்பிக் கொண்டுபோகும் வேலையும் அதன் தலையில். நம் நாட்டிலும் 2000-ம் ஆண்டு சட்டத்தில் ரூ.1 லட்சம் அபராதம் இருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டம் அதற்குப் பதிலாக வந்திருக்கிறது. அதனால் கவுண்ட்டர் ஊழியர் 'டைமேட்டிக்' என்ற கம்ப்யூட்டர் பதிவைப் பார்ப்பார். அது 'கூடாது' என்றால் ஏற்ற மாட்டார். அந்தச் சோதனை கம்பெனியைக் காப்பாற்றத்தான். நம் டிக்கெட் பணத்தைக் காப்பாற்ற அல்ல.

அப்படியானால் பொறுப்பு யாருக்கு?

டிக்கெட் நிபந்தனையில் 'காகிதங்களுக்குப் பயணியே பொறுப்பு' என்று எழுதியிருக்கும். முதல் பொறுப்பு நமக்குத்தான். ஆனால் எல்லாப் பழியையும் பயணி மேல் போடுவது நியாயம் இல்லை. மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாமே போனில் இரண்டு டிக்கெட்டை மலிவாகத் தேடி எடுத்தால், யாரையும் குறை சொல்ல முடியாது.

ஏஜெண்டு பாஸ்போர்ட்டு நகலை வாங்கி, அவரே வழி போட்டு, சர்வீஸ் சார்ஜும் வாங்கி, "எல்லாம் சரியா இருக்கு, போங்க" என்று அனுப்பினால், அவர் பதில் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் கவுண்ட்டரில் தவறாகப் புரிந்துகொண்டு தடுத்தால் விமான கம்பெனிதான் பொறுப்பு.

என்ன செய்யலாம்?

டிக்கெட் எடுக்கும் முன்பே ஏஜெண்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே டிக்கெட்டா, இரண்டா? பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமா? நடுவில் உள்ள நாட்டுக்கு விசா வேண்டுமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்பது கஷ்டம். அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தையும் பிள்ளைகளை விட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்றாமல் விட்டால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். பயணம் செய்யாத டிக்கெட்டுக்கு இந்திய விமான கம்பெனிகள் விமான நிலையக் கட்டணம், வரியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. சலுகை விலை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும்.

ஏஜெண்டு மீது புகார் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நம் ஊர்க்காரர்கள் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் போகலாம்.

நகையை அடகு வைத்து டிக்கெட் எடுப்பவர்கள் நம் பக்கம் உண்டு. டிக்கெட்டோடு, 'நடுவில் இந்த நாட்டு விசா வேண்டும், வேண்டாம்' என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்க ஏஜெண்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதைக் கட்டாயமாக்க வேண்டியது அரசு. அதுவரை, கேட்டு வாங்க வேண்டியது நாம்.